அடிமரத்தைச் சுற்றி மூன்றடி

நகரத்து மரம், பூங்கா, திறந்தவெளி பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சென்னையிலிருந்து வந்தவை. அதனால் பதில்களும் சென்னை மண்ணையும் மாநகராட்சி நடைமுறையையும் ஒட்டியே இருக்கும்.

எங்கள் தெருவில் நடைபாதை போட்டபோது மரத்தின் தண்டு வரைக்கும் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றினால் ரோட்டுக்கு ஓடுகிறது. நாங்களே பெயர்த்துவிடலாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பெயர்க்கலாம், ஆனால் சொல்லாமல் செய்யாதீர்கள். நடைபாதை மாநகராட்சியின் சொத்து. முதலில் வார்டு உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாரும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லி வழக்கொன்றில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அதையும் கடிதத்தில் சேருங்கள். டெல்லி அமைப்புகளுக்கு இட்ட உத்தரவுதான் என்றாலும், பொறியாளர் கோப்பில் குறிப்பெழுத ஒரு பிடி கிடைக்கும்.

அனுமதி வந்ததும் தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் மூன்றடி அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நடைபாதை குறுகலாக இருந்தால் நடப்பவர்கள் பக்கம் ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டு, தெருவின் நீளவாக்கில் கூடுதலாகத் திறங்கள். முதல் கல்லை எடுப்பதுதான் சிரமம். தட்டை முனைக் கடப்பாரையால் நெம்பினால் வந்துவிடும், மற்றவை கையோடு வரும். அடியில் எம்.சாண்ட் இருக்கும். சில இடங்களில் அதற்கும் கீழே மூன்று, நான்கு அங்குலத்துக்குக் கான்கிரீட் இருக்கும். அதை உளியும் சுத்தியலும் கொண்டு உடையுங்கள். பிரேக்கர் இயந்திரம் வேண்டாம். ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கும்தான், கூடவே கான்கிரீட்டுக்குக் கீழே ஒட்டிப் படர்ந்திருக்கும் வேரையும் கிழித்துவிடும். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் எதையும் வெட்டாதீர்கள்.

திறந்த பிறகு மண்ணைக் கொத்துவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். உணவையும் நீரையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கும். களைக்கொத்தால் இரண்டு அங்குலம் கிளறினால் போதும். மேலே இரண்டு அங்குலத்துக்கு மக்கிய உரமும் சருகும் பரப்புங்கள். தண்டை ஒட்டி ஓர் உள்ளங்கை அகலம் வெறுமையாக இருக்கட்டும்.

வெட்டுமுகத்தில் நிற்கும் கற்களைச் சிமென்ட் கலவையால் இறுக்கிவிடுவது அவசியம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கற்கள் குழிக்குள் சரியும், யாராவது தடுக்கி விழுவார்கள், ‘மரத்தால் ஆபத்து’ என்று புகார் போகும், மறுபடி கான்கிரீட் வரும். விளிம்பு நடைபாதையின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். உயர்த்தினால் மழைநீர் உள்ளே இறங்காது.

அழகுக்கென்று தண்டைச் சுற்றி மேடை கட்டி மண் நிரப்புவதும் கூடாது. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் எப்போதும் காற்றுப் பட வேண்டும். மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். கூடவே ஒரு பிள்ளையாரும் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த மேடையை அப்புறம் யாரும் தொட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மரங்களில் ஆணி பிடுங்கலாம் என்று பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். என்ன கருவி வேண்டும்? ஓட்டையில் மஞ்சள், வேப்பெண்ணெய் பூச வேண்டுமா?
– வாசகர், நங்கநல்லூர்

இரட்டைக் கொம்புச் சுத்தியல், நீளப் பிடி குறடு, கட்டிங் பிளேயர், தடித்த கையுறை, ஏணி, பிறகு கைப்பிடி அளவில் ஒரு மரத்துண்டு. இந்தக் கடைசிச் சாமானை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கொம்பில் ஆணியை மாட்டி நெம்பும்போது சுத்தியலின் தலை பட்டையில் அழுந்தி, ஆணி போட்ட காயத்தைவிடப் பெரிய காயத்தை உண்டாக்கும். இடையில் மரத்துண்டை வைத்தால் அழுத்தம் பரவிவிடும்.

ஆணியின் தலை பட்டைக்குள் போயிருந்தால் விட்டுவிடுங்கள். மரம் அதை விழுங்கிவிட்டது. தோண்டினால் புதுக் காயம்தான். கேபிள் கம்பியும் அப்படித்தான். தொங்குவதை வெட்டுங்கள், தண்டைச் சுற்றி இறுக்கியிருப்பதைத் துண்டு துண்டாக நறுக்குங்கள், பட்டை மூடிய பகுதியை இழுக்காதீர்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் ஏணியே வேண்டாம்.

ஓட்டையில் எதுவும் பூச வேண்டியதில்லை. பெயின்ட், தார், சிமென்ட் மூன்றும் ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலை வளர்க்கும். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

பிடுங்கும் முன் ஒவ்வொரு விளம்பரப் பலகையையும் படமெடுங்கள். டியூஷன் சென்டரோ, ஹாஸ்டலோ, ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டையோ, அடித்தவரின் கைபேசி எண் அதிலேயே இருக்கும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. படத்தோடு புகார் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஞாயிறும் அதே மரத்தில் அதே ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு 100 மரக்கன்றுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பூங்காவில் மியாவாக்கி காடு வைக்கலாமா, தெருவில் நடலாமா?
– வாசகர், வேளச்சேரி

நூறையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர், வாரம் இரண்டு தடவை. 100 கன்றுக்கு வாரம் 4,000 லிட்டர் ஆகும். தை முதல் ஆனி வரை 26 வாரத்தில் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். இதே செலவு அடுத்த கோடையிலும் உண்டு. குடம் தூக்க எத்தனை பேர் வருவார்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் என்றால் இருபது கன்று வாங்குங்கள்.

மியாவாக்கியில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் வரை நெருக்கி நடுவார்கள். மண்ணை ஆழமாகத் தோண்டி உமி, தேங்காய் நார், தொழுவுரம் கலப்பார்கள். குப்பை மேடாகக் கிடக்கும் மூலைக்கு அது நல்ல வழி. குழந்தைகள் ஓடியாடும் பூங்காவின் நடுவில் வைத்தால் அப்புறம் பந்து விளையாட இடம் இருக்காது. பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இதைச் செய்யவே கூடாது. புல்லும் சேறுமாகக் கிடக்கும் நிலம் வெற்றிடமல்ல. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை 2022-இல் சேர்ந்ததும் சதுப்பு நிலமாகத்தான், காடாக அல்ல.

வேளச்சேரிப் பக்கம் களிமண் அதிகம். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே நீர்மருது, நீர்க்கடம்பு, புங்கை நடலாம், வேம்பு அழுகிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலுக்குப் புன்னையும் பூவரசும் பொருந்தும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவழமல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாவல் நல்ல மரம்தான், ஆனால் கார் நிறுத்தும் தெருவில் வைத்தால் பழம் உதிரும் மாதத்தில் அதை வெட்டச் சொல்லி மனு வரும், பூங்காவுக்குள் வையுங்கள். கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரக்கன்றை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆடி, ஆவணியில் நடுங்கள். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். கருப்புப் பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். பையின் அடியில் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தால் பிளேடால் மூன்று, நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். கீறாமல் நட்டால் பத்து வருடம் கழித்தும் அந்த வேர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், முதல் புயலுக்கே மரம் சாயும். பையில் இருந்த மண்மட்டம் தரைமட்டத்தோடு சேர வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. குச்சியில் கட்டும் கயிறு எட்டு வடிவில் தளர்வாக இருக்கட்டும். இரும்புக் கூண்டு வைத்தால், தண்டு அதைத் தொடும் முன் கழற்றுவது யார் பொறுப்பு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் ஒருவர் வேலி போட்டு ‘இது என் பட்டா நிலம்’ என்கிறார். என்ன செய்வது?
– குடியிருப்போர், போரூர்

வேலியை உடைக்கப் போகாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் இப்போதுள்ள கட்டட விதிகளின்படி (2019) 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. ஆகவே உங்கள் மனைப்பிரிவில் நிலம் ஒதுக்கப்பட்டதா, பணம் கட்டப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பழைய மனைப்பிரிவு என்றால் அந்தக் காலத்து ஒப்புதல் ஆணையில் உள்ள நிபந்தனைதான் பேசும்.

உங்களில் யாருடைய கிரயப் பத்திரத்திலாவது ஒப்புதல் எண் இருக்கும். அதை வைத்து சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம் (வெளியூர் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம்) தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று நகல்களைக் கேளுங்கள்: ஒப்புதல் வரைபடம், ஒப்புதல் ஆணை, திறந்தவெளிக்கான தானப் பத்திரம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், பதிலே வராது, ஆவணத்தைக் கேளுங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள்.

சிக்கல் பெரும்பாலும் தானப் பத்திரத்தில்தான். வரைபடத்தில் பச்சை வண்ணம் இருக்கும், பத்திரம் மட்டும் பதிவாகியிருக்காது. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும், வாரிசுகள் விற்றுவிடுவார்கள். பத்திரம் இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். டெல்லி மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-களின் நடுவில் சொன்னது: தானம் கொடுக்காத திறந்தவெளியின் உரிமை மாநகராட்சிக்குப் போய்விடாது, ஆனால் உரிமையாளர் அதைத் திறந்தவெளியாகத்தான் வைத்திருக்க வேண்டும். அதாவது பட்டா அவர் பெயரில் இருக்கலாம், வீடு கட்ட முடியாது. அரசே பூங்காவை வேறு காரியத்துக்கு மாற்றினாலும் குடியிருப்போர் கேள்வி கேட்கலாம் என்பதற்குப் பெங்களூரு பூங்கா வழக்கு உண்டு. அங்கே மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

நகல்கள் கைக்கு வந்ததும் மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வார்டில் ஏரியா சபை என்ற மக்கள் கூட்டம் நடந்தால் அங்கேயும் பதிவு செய்யுங்கள். அந்த இடத்தில் கட்டுமானம் தொடங்கிவிட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். கூரை ஏறிய பிறகு தடை வாங்குவது கடினம்.

புயலில் சாய்ந்த மரத்தைத் திரும்ப நிறுத்த முடியுமா?
– வாசகி, அசோக் நகர்

2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி நிற்கவேயில்லை. தண்டு பிளக்காமல், பாதி வேராவது மண்ணுக்குள் இருந்தால் முயலலாம். ஆல், அரசு, அத்தி, பூவரசு நன்றாகத் தழைக்கும்; கிளையை வெட்டி நட்டாலே முளைப்பவை அவை. மயில்கொன்றைக்கும் பெருங்கொன்றைக்கும் அவ்வளவு நம்பிக்கை தர முடியாது.

உடனே செய்ய வேண்டியது, வெளியே தெரியும் வேரின் மேல் ஈரச் சாக்குப் போடுவது. வெயிலில் சில மணி நேரம் காய்ந்தாலே மெல்லிய வேர்கள் செத்துவிடும். பிறகு கிளைகளைக் குறைத்து, கிழிந்த வேர் நுனிகளைச் சுத்தமாக அறுத்து, குழியை அகலப்படுத்துங்கள். கிரேனில் தூக்கும்போது சங்கிலி கூடாது, அகல பெல்ட் வேண்டும். சங்கிலி பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் மரம் நின்றும் பயனில்லை. மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து ஒரு வருடமாவது விட்டுவையுங்கள்.

பூங்காச் சருகைத் தினமும் எரிக்கிறார்கள். மாற்று என்ன?
– வாசகர், அண்ணா நகர்

நான்கடி உயரத்தில் கோழிவலையை வட்டமாகக் கட்டி, ஓரடிச் சருகுக்கு ஒரு வாளி சாணக் கரைசல் என்று அடுக்கி, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வைத்திருந்தால் ஐந்தாறு மாதத்தில் உரமாகிவிடும். தண்ணீர் அதிகமானால் நாறும், குறைந்தால் சருகு சருகாகவே கிடக்கும். கூண்டைத் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டிக்கொண்டு வரும் வழியிலேயே வையுங்கள். பூங்காவின் மறுமூலையில் வைத்தால் தீப்பெட்டிதான் ஜெயிக்கும்.