கேள்வி – பதில்: வருகிறவரும் போகிறவரும்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில், பருவத்தின் நடுவே நல்ல வெளிக்கள வீரர் ஒருவர் தங்கள் அணிக்கு வரும்போதும் ரசிகர்கள் புலம்புவது ஏன்?

பதில்: பெரும்பாலும் அவர்களுடைய கண் வருகிறவர் மீது அல்ல, அவருக்கு ஈடாக மறு அணிக்குக் கொடுக்கப்பட்டுப் போகிறவர் மீதே இருக்கிறது. 2015 ஜூலை 29 அன்று, நியூயார்க் மெட்ஸ் அணி மில்வாக்கி அணியிலிருந்து கார்லோஸ் கோமஸ் என்ற வெளிக்கள வீரரைப் பெறப்போவதாக ஆட்டத்தின் நடுவிலேயே செய்தி பரவியது. அவருக்கு ஈடாகப் போகவிருந்தவர்களில் ஒருவரான வில்மர் ஃபுளோரஸ், பதின்ம வயதிலிருந்தே மெட்ஸில் வளர்ந்தவர். அவர் மட்டை பிடிக்க வந்தபோது ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவரோ களத்திலேயே கண்கலங்கினார். எந்த அணியின் ரசிகருக்கும் மறக்க முடியாத காட்சி அது.

அந்த ஒப்பந்தம் முறிந்தது. இரண்டு நாள் கழித்து டெட்ராய்ட் அணியிலிருந்து யோனிஸ் செஸ்பெடெஸ் என்ற வெளிக்கள வீரர் வாங்கப்பட்டார்; அன்றிரவே ஃபுளோரஸ், வாஷிங்டன் அணிக்கு எதிராக, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸையும் தாண்டி நீண்ட ஆட்டத்தின் 12ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைவேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து ஆட்டத்தை வென்று தந்தார். செஸ்பெடெஸும் மீதமிருந்த பருவத்தில் 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன்கள் அடித்தார். மெட்ஸ், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை சென்று, கான்சாஸ் சிட்டி அணியிடம் தோற்றது.

ஆயினும் புலம்பியவர்களின் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. செஸ்பெடெஸுக்காகக் கொடுக்கப்பட்ட இளம் பந்துவீச்சாளர் மைக்கேல் ஃபுல்மர், மறு ஆண்டிலேயே, அமெரிக்க முதன்மை பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.