பிதுங்கிய கண்ணுக்கு எலும்பு அறுவை: எப்போது?

கேள்வி: தைராய்டால் கண்கள் பிதுங்கியிருக்கின்றன. கண்குழி எலும்பை எடுத்தால் சரியாகுமாமே, உடனே செய்துகொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சிவப்பும் வீக்கமும் அடங்கி, சுமார் 6 மாதம் நிலை மாறாமல் இருந்த பிறகே செய்வது நல்லது. பார்வை நரம்பு நசுங்கினால் கதை வேறு. அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கண்ணாக மூடி, ஒரு சிவப்புப் பொருளைப் பாருங்கள். சிவப்பு நிறம் ஒரு கண்ணில் வெளிறித் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நரம்பு நசுங்குவது ஸ்டீராய்டு ஊசிக்குக் கட்டுப்படாவிட்டால், அறுவைக்குக் காத்திருக்க முடியாது.

அறுவையில் கண்குழியின் மூக்குப் பக்கச் சுவர், தரை, நெற்றிப்பொட்டுப் பக்கச் சுவர் ஆகியவற்றில் தேவையானதை அகற்றுவார்கள். சிலருக்குக் கொழுப்பையும் எடுப்பார்கள். கண் சில மில்லிமீட்டர் உள்ளே போகும். தசைகள் இடம் மாறுவதால் இரட்டைப் பார்வை புதிதாக வரலாம். அதனால்தான் மாறுகண், இமை அறுவைகள் இதற்குப் பிறகு. கண்குழியின் தரை எலும்பை எடுத்தால் கன்னம் மரத்துப்போகலாம். அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், காற்று கண்குழிக்குள் புகும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். நோயை அது முற்றச் செய்யும்.