மருத்துவர் பதில்: சொந்தப் பெயரைச் சொல்லத்தான் அதிகம் திக்குகிறது

கேள்வி: எனக்கு வயது 27. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். தனியாகப் பேசும்போதோ பாடும்போதோ திக்குவதில்லை. ஆனால் 'ப'வில் தொடங்கும் என் பெயரைச் சொல்லச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்கிறது. போனில் இன்னும் மோசம். திக்கும் என்று தெரிந்த சொற்களைத் தவிர்த்து வேறு சொற்களைப் போட்டுச் சமாளித்துவிடுவதால், கூட வேலை பார்க்கும் பலருக்கு எனக்கு இந்தக் குறை இருப்பதே தெரியாது. அடுத்த மாதம் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. இதற்கு மாத்திரை உண்டா? நாக்கில் அறுவை சிகிச்சை செய்தால் சரியாகுமா? வீட்டில் பெண் பார்க்கிறார்கள். நாளை என் குழந்தைக்கும் இது வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மாத்திரை, அறுவை இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திக்குவாய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை எதுவும் இல்லை. மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் குறைக்கும் சில மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் எடை கூடுவது, தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் அவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுப்பதில்லை. நாக்கு அறுவை வேண்டவே வேண்டாம். 1841-இல் டீஃபன்பாக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் திக்குவாய்க்காக நாக்கின் வேர்ப்பகுதியை வெட்டிப் பார்த்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்கள் பாருங்கள். கோளாறு நாக்கில் இல்லவே இல்லை. நாக்கில்தான் கோளாறு என்றால் நீங்கள் பாடும்போதும் திக்க வேண்டுமே!

பேச்சைத் திட்டமிடுவது, வாய்க்கும் தொண்டைக்கும் மூச்சுக்கும் உரிய நேரத்தில் உத்தரவு கொடுப்பது எல்லாம் மூளையின் வேலை. திக்குபவர்களின் மூளையில், குறிப்பாக இடப்பக்கத்தில், இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பில் வித்தியாசம் இருப்பது ஸ்கேன்களில் தெரிகிறது. பாட்டுக்குத் தாளம் இருக்கிறது. பத்துப் பேருடன் சேர்ந்து வாசிக்கும்போது மற்றவர் குரல் கூடவே வருகிறது. இப்படி வெளியிலிருந்து ஒரு நேரக் கணக்குக் கிடைத்தால் திக்கல் பெரும்பாலும் காணாமல் போகிறது. தனியாகப் பேசும்போது கேட்க ஆள் இல்லை, அவசரம் இல்லை, திக்கலும் இல்லை. இதை வைத்துக்கொண்டு, பயம்தான் திக்குவாய்க்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் திக்கலை அதிகமாக்கும். அது உருவாக்குவதில்லை. நீங்கள் கோழையும் இல்லை, புத்தி குறைந்தவரும் இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குவாய் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது, சொல்லை மாற்றிப் போட்டுச் சமாளிக்கிறேன் என்று நீங்கள் எழுதியதுதான். அதைச் சாமர்த்தியமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கஷ்டத்தில் பெரும்பங்கு அதில்தான் இருப்பதாகப் படுகிறது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் நாலு சொல் தள்ளி வரப்போகும் 'ப'வைப் பார்த்துவிடுகிறீர்கள். உடனே மாற்றுச் சொல் தேடுகிறீர்கள். அதற்குள் அவர் சொன்னதில் பாதி காதில் விழுவதில்லை. நாள் முழுக்க இந்த வேலை என்றால் களைத்துப் போகாமல் என்ன செய்யும்? பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. பலருக்கும் சொந்தப் பெயரில் திக்கல் அதிகமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தவுடன் உதடு முன்கூட்டியே இறுகிக்கொள்கிறது.

இனி என்ன செய்யலாம்? கண்ணாடி முன் நின்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். தனியாக இருக்கும்போது திக்காது என்பதால், போனில் வருகிற அதே பூட்டை வேண்டுமென்றே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு உதடும் ஒட்டி இறுகியிருக்கும். பின்னால் காற்று முட்டும். தாடையும் கழுத்தும் விறைக்கும். வழக்கமாக இந்த இடத்தில் இன்னும் பலமாகத் தள்ளுவீர்கள், அல்லது விட்டுவிட்டு வேறு சொல்லுக்குப் போவீர்கள். இப்போது இரண்டையும் செய்யாதீர்கள். அங்கேயே நில்லுங்கள். எங்கே இறுக்கம் என்று கவனித்து, உதட்டை மெல்லத் தளர்த்துங்கள். காற்று கசிய ஆரம்பித்ததும் 'ப'வை நீட்டாமல், லேசாகத் தொட்டு, அடுத்த எழுத்துக்கு நிதானமாக நகருங்கள். இது தானும் திக்குவாயுடன் வாழ்ந்த சார்ல்ஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சு சிகிச்சை நிபுணர் வகுத்த முறை. திக்காமல் பேசுவது இதன் நோக்கமல்ல. சண்டை போடாமல் திக்கப் பழகுவதுதான். விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் சண்டை குறையக் குறையப் பலருக்கும் திக்கலும் குறைகிறது.

அப்புறம், ஆபத்தில்லாத இடங்களில் வேண்டுமென்றே லேசாகத் திக்குங்கள். கடையில் விலை கேட்கும்போது, "ப-ப-பத்தா?" என்று நீங்களாகவே செய்யுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் மறைத்து வைத்திருப்பதை நீங்களே வெளியே எடுத்துவிட்டால், எப்போது தெரிந்துவிடுமோ என்ற பதற்றம் பிடி தளர்கிறது. போனுக்கும் இதே வழிதான். அவசரமில்லாத ஓர் அழைப்பை நீங்களே செய்யுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்து வாசிக்காதீர்கள். எழுதி வைத்தால் அந்தச் சொல்லையே சொல்லியாக வேண்டும் என்றாகி, திக்கினால் பதற்றம் இரட்டிப்பாகும்.

இதையெல்லாம் ஒரு பேச்சு சிகிச்சை நிபுணரிடம் கற்றுக்கொள்வது நல்லது. மெதுவாக, சொற்களைக் கோத்துப் பேசும் பயிற்சிகளும் அவர் தருவார். வீடியோ அழைப்பிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. சில வாரங்களில் நிரந்தரமாகக் குணமாக்குகிறேன் என்று உத்தரவாதம் தருபவரிடம் மட்டும் போகாதீர்கள். பயிற்சியை விட்டால் திக்கல் திரும்ப வருவது சகஜம். அதற்காக மனம் தளர வேண்டாம், மறுபடி தொடங்கினால் சரி.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு மாதத்தில் திக்கலைப் போக்க முயற்சி செய்யாதீர்கள். உள்ளே போனதும், "எனக்குத் திக்குவாய் உண்டு. சில இடங்களில் கொஞ்சம் நேரம் எடுப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தை நண்பர்கள் இருவரிடமாவது முன்கூட்டியே சொல்லிப் பழகுங்கள். எதிரில் இருப்பவர் முந்திக்கொண்டு உங்கள் சொல்லை முடித்து வைத்தால், அவர் முடித்தாலும் நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லியே முடியுங்கள்.

கடைசியாகக் குழந்தை. திக்குவாயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. 2010-இலிருந்து சில மரபணுக்களையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எனவே மற்றக் குழந்தைகளைவிட உங்கள் குழந்தைக்கு வாய்ப்புச் சற்று அதிகம்தான். ஆனால் கட்டாயம் வரும் என்றில்லை. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். அப்படித் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். "மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துட்டுப் பேசு" என்று திருத்திக்கொண்டே இருக்கக் கூடாது. 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், நன்றாகப் பேசிய அநாதைக் குழந்தைகள் சிலரிடம் உங்கள் பேச்சு சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் திக்குவாயர்களாக மாறவில்லை. ஆனால் வாயைத் திறக்கவே கூச ஆரம்பித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2001-இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. உங்கள் குழந்தைக்குத் திக்கல் தொடங்கி ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால், அல்லது பேச முடியாமல் முகத்தைச் சுளித்து அவதிப்பட்டால், உடனே நிபுணரிடம் காட்டுங்கள். பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே ஆரம்பிக்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம். உங்களுக்குத் திக்குவாய் இருப்பதையும் நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.