மூன்று டபிள்யூ போட்டால் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். தீபாவளி ஆர்டர் வரும் நேரத்தில் இணையத்தளத்தை வேறு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றினேன். முன்னால் மூன்று டபிள்யூ போட்டு அடித்தால் எல்லாருக்கும் புதிய தளம் வருகிறது. போடாமல் அடித்தால், கைப்பேசி டேட்டாவில் பழைய விலைப்பட்டியல் தெரிகிறது. என் வீட்டு வைஃபையில் ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்ற எச்சரிக்கை வருகிறது. 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். ஐந்து நாளாகிவிட்டது.
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: இனியும் பொறுக்க வேண்டாம், இது தானாகச் சரியாகாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது டிடிஎல் என்ற எண். டிஎன்எஸ் என்பது எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல்; அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும், அதாவது பதிவுக்கும், எதிரே டிடிஎல் விநாடிக் கணக்கில் இருக்கும். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். அந்த நேரம் கழிந்தும் பழைய தளம் வருகிறது என்றால், பழைய முகவரி உங்கள் ரெக்கார்டுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று டபிள்யூ உள்ள பெயரும் இல்லாத பெயரும் டிஎன்எஸ்ஸுக்கு இரண்டு வேறு பெயர்கள். இல்லாத பெயர் ‘@’ என்ற குறியோடு இருக்கும். அந்த வரிசையில் இரண்டு வகை ரெக்கார்டு இருக்கலாம்: 203.0.113.25 போன்ற ஐபிவி4 முகவரியைக் காட்டும் ‘ஏ’. முக்காற்புள்ளிகளோடு நீளமாக இருக்கும் ஐபிவி6 முகவரியைக் காட்டும் ‘ஏஏஏஏ’. தளத்தை மாற்றுகிறவர்கள் ‘ஏ’யை மாற்றிவிட்டு ‘ஏஏஏஏ’யை மறந்துவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். ஐபிவி6 உள்ள இணைப்பில் பிரவுசர் அந்த முகவரிக்குத்தான் முதலில் போகும். கைப்பேசி டேட்டாவில் அது இருந்து, வீட்டு இணைப்பில் இல்லாவிட்டால், ஒரே பெயர் கைப்பேசியில் பழைய சர்வருக்கும் வீட்டில் புதிய சர்வருக்கும் போகும்.

எச்சரிக்கைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள், பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழைத் தருமுன் உங்கள் சர்வருக்கு வந்து பெயரைச் சரிபார்க்கின்றன. ‘ஏஏஏஏ’ இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 வழியைத்தான் முதலில் எடுக்கும். அது பழைய சர்வரில் போய் நின்றதால், மூன்று டபிள்யூ இல்லாத பெயருக்குப் புதிய சான்றிதழ் கிடைத்திருக்காது. ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. பிரவுசர் சான்றிதழைச் சரிபார்த்து முடித்த பிறகுதான் திருப்பிவிடுதலே நடக்கும்.

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையில் வகையை ஏஏஏஏ (-type=AAAA) என்று கொடுத்து, தளப் பெயரையும் கடைசியில் 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சர்வரின் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். கடைசி எண்ணை விட்டுவிட்டால், உங்கள் வீட்டு ரௌட்டர் சேமித்து வைத்த பழைய விடை வரக்கூடும். விடையில் ஐபிவி6 முகவரி வந்தால், புதிய நிறுவனம் கொடுத்ததா என்று பாருங்கள். அவர்கள் அப்படி எதுவும் தரவில்லையென்றால் அந்த ரெக்கார்டை அழித்துவிடுங்கள். டிடிஎல் கழிந்ததும் இரண்டு பெயரும் அடங்கிய சான்றிதழை மறுபடி எடுங்கள். பிறகு கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மறைநிலைப் பக்கத்தில் திறந்து பாருங்கள். சாதாரணப் பக்கத்தில் பார்த்தால், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பழைய திருப்பிவிடுதல் உங்களை ஏமாற்றும்.

‘@’ வரிசையில், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் சிநேம் ரெக்கார்டைப் போட முயலாதீர்கள். உங்கள் டிஎன்எஸ் பட்டியல் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் நேம்சர்வர் ரெக்கார்டுகள் அங்கே இருப்பதால் விதி அனுமதிக்காது. அடுத்த முறை மாற்றும்போது முதல் நாளே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: டியூஷன் நிலையத்துக்கு டாட் எஸ்ஜி பெயர் வாங்கினோம். மூன்று வாரம் நன்றாக ஓடியது. திடீரென்று அப்படி ஒரு தளமே இல்லை என்கிறது. பணமெல்லாம் கட்டியாயிற்று.
– வாசகர், ஈசூன்

பதில்: என்எஸ்லுக்அப்பில் கேட்டால் வரும் விடையைப் பாருங்கள். என்எக்ஸ்டொமைன் (விண்டோஸில் ‘Non-existent domain’) என்று வந்தால், பெயரே டிஎன்எஸ்ஸில் இல்லை. டாட் எஸ்ஜி பெயர்களை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக் அமைப்பு, நிர்வாகத் தொடர்பாளர் சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது. அதற்கு 21 நாள் அவகாசம். தவறினால் பெயர் முடக்கப்படும். உங்கள் மூன்று வாரக் கணக்கு அதோடு பொருந்துகிறது. தளத்தை வடிவமைத்தவரின் மின்னஞ்சலைத் தொடர்புக்குக் கொடுத்திருந்தால், நினைவூட்டல் உங்கள் கண்ணில் பட்டே இருக்காது. பெயரைப் பதிவுசெய்து தந்த ரெஜிஸ்ட்ராரிடம் தொடர்பாளர் யார் என்று கேட்டு, அவரை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். தொடர்பாளராக நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் இருப்பதே நல்லது.

விடை செர்வ்ஃபெயில் (விண்டோஸில் ‘Server failed’) என்று வந்தால் கதை வேறு. டிஎன்எஸ் விடை உண்மையானதா என்று கையொப்பத்தால் காட்டும் டிஎன்எஸ்செக் போட்டிருந்த பெயருக்கு நேம்சர்வரை மாற்றிவிட்டு, அந்தக் கையொப்பத்தின் சாவியைச் சுட்டும் பழைய டிஎஸ் ரெக்கார்டை ரெஜிஸ்ட்ராரிடம் நீக்காமல் விட்டால் அப்படி வரும். டிஎன்எஸ்செக்கைச் சரிபார்க்கும் 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் சர்வர்கள் பெயரை மறுக்கும். சரிபார்க்காத இணைப்புகளில் தளம் திறக்கும். டிஎஸ்ஸை முதலில் நீக்கி, அதன் டிடிஎல் கழிந்த பிறகு நேம்சர்வரை மாற்றுவதே சரியான வரிசை.

கேள்வி: டாட் சிங்கப்பூர் என்று முழுக்கத் தமிழிலேயே பெயர் வாங்கலாமாமே? சரியாகத் திறக்குமா?
– வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: திறக்கும். ‘.சிங்கப்பூர்’ 2011ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனால் டிஎன்எஸ்ஸில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறு கோடுகளோடு வரும் பியூனிகோட் வடிவமாக மாறும். சர்வர் அமைப்பிலும் சான்றிதழிலும் அந்த வடிவத்தையே கொடுக்க வேண்டும். மாற்றியபின் ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. தமிழ் அதில் சீக்கிரம் நீளும், எனவே சின்னப் பெயராக எடுங்கள்.

எழுத்துத் தேர்விலும் கவனம் வேண்டும். ‘ஔவை’யின் முதல் எழுத்தை ‘ஔ’ என்று ஒரே எழுத்தாக அடிப்பவரும் உண்டு, ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக அடிப்பவரும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். டிஎன்எஸ்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். அப்படிப்பட்ட பெயரைத் தவிருங்கள். எடுத்தே தீருவதென்றால் இரண்டு வடிவத்தையும் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள்.