"இது எதுக்குங்க டீச்சர்?"ன்னு கேக்கற பையனுக்கு என்ன சொல்றது

கேள்வி: திருப்பூர் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளியில எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கணக்கு எடுக்கறேன். பாதிக்கு மேல பனியன் கம்பெனிக்குப் போறவங்க வீட்டுப் பசங்க. எந்தப் பாடம் ஆரம்பிச்சாலும் "இது எதுக்குங்க டீச்சர், எங்கண்ணன் பத்தாவதோட நின்னுட்டு பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டறான், வாரவாரம் சம்பளம் வாங்கறான்"னு ஒருத்தன் கேட்டுடறான். பாடத்த அவங்க நாளைக்குப் பார்க்கப்போற வேலையோட சேர்த்து நடத்த ஆசை, எப்படின்னு தெரியல. போர்ஷன் முடியணும்னு ஹெச்.எம். வேற சொல்றாங்க.
– ஒரு கணக்கு டீச்சர்

பதில்: டீச்சர், அந்தப் பையன அதட்டி உக்கார வைக்காம அவன் கேள்விய எனக்கு எழுதி அனுப்பினீங்களே, அதுலயே எனக்கு உங்க மேல பெரிய மரியாதை வந்துடுச்சு. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குப் பதிலும் அவன் தெருவுலயே இருக்கு, அங்கருந்தே ஆரம்பிக்கலாம்.

பனியன் கம்பெனில துணி வந்த உடனே முதல்ல பாக்கறது ஜி.எஸ்.எம்., ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்னு. அதுக்கு ஒரு கட்டர் வச்சிருப்பாங்க, துணி மேல வச்சு அழுத்தித் திருப்பினா சரியா 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடுத்துடும், அத தராசுல போட்டு வர்ற கிராம 100-ஆல பெருக்கினா ஜி.எஸ்.எம். வந்துடும், 1.6 கிராம்னா 160. ஏன் 100-ஆல பெருக்கறோம்னு கேளுங்க, ஒரு சதுர மீட்டர்னா 10,000 சதுர சென்டிமீட்டர்ங்கறது அப்பதான் மண்டையில ஏறும். அந்த வட்டத்தோட விட்டம் என்னவா இருக்கும்னு கேளுங்க, பை ஆர் ஸ்கொயர் போட்டா ஏறக்குறைய 11.3 செ.மீ. வரும். எவனாவது ஒருத்தன் வீட்டுல போய் அப்பாகிட்ட கேட்டு சரிபார்த்துட்டு வருவான் பாருங்க.

அடுத்து ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி. உடம்பு நீளம் 70 செ.மீ., கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் ஒரு 10, மொத்தம் 102. மார்புல பாதி 52, தையலுக்கு 4, மொத்தம் 56. ரெண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம்னு ரெண்டால பெருக்கினா 11,424 சதுர செ.மீ., 160 ஜி.எஸ்.எம். துணின்னா கிட்டத்தட்ட 183 கிராம். வேஸ்டேஜ் 10 சதவீதம் சேர்த்தா 201 கிராம். பத்தாயிரம் பீஸ் ஆர்டர்னா 2 டன்னுக்கு மேல துணி, கணக்குல ஒரு சதவீதம் பிசகினா 20 கிலோ போச்சு. இது அத்தனையும் உங்க எட்டாவது புக்ல வாழ்வியல் கணிதத்துல இருக்கற அதே சதவீதம்தான், அளவைகள்ல இருக்கற அதே பரப்பளவுதான்.

எதிர் விகிதம் நடத்தறப்ப நூல் கவுன்ட்ட எடுங்க. 30-ம் நம்பர் நூல விட 40-ம் நம்பர் மெல்லிசுன்னு அந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஏன்னு தெரிஞ்சிருக்காது. ஒரு பவுண்டு நூல்ல 840 கெஜம் நீளத்துல எத்தன சிட்டம், அதாவது நூல் சுருள், கெடைக்குதோ அதுதான் கவுன்ட். எடை மாறாம நீளம் கூடினா நூல் மெல்லிசாத்தானே ஆகணும், பலகைல ஒரு டேபிள் போட்டா போதும்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது புள்ளியியல்தான். பையரோட, அதாவது ஆர்டர் குடுத்தவரோட, ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவாருல்ல, அவர் 3,000 பீஸ்ஸயும் பிரிச்சுப் பாக்க மாட்டாரு. குறை எவ்வளவு வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கறதுக்கு ஏ.க்யூ.எல்.னு ஒரு அளவு இருக்கு, வழக்கமான லெவல்ல அது 2.5-ன்னா 125 பீஸ் எடுப்பாரு, அதுல 7 பீஸ் வரைக்கும் குறை இருந்தா பாஸ், 8 ஆச்சுன்னா மொத்த லாட்டும் ஃபெயில், ராத்திரி பூரா உக்காந்து எல்லாத்தையும் திரும்ப செக் பண்ணணும். இந்த ராத்திரி வேலைய பார்த்த அம்மாக்கள் உங்க கிளாஸ் பசங்க வீட்டுல நிச்சயம் இருப்பாங்க. வெறும் 125 பாத்துட்டு 3,000 பத்தி எப்படி சொல்ல முடியும், மேல இருக்கற பீஸ்ஸா மட்டும் எடுத்தா என்ன ஆகும்னு கேட்டு விட்டுடுங்க, சாம்பிள் ஏன் கலந்து எடுக்கணும்னு அவங்களே சண்டை போட்டுக் கண்டுபிடிச்சுடுவாங்க.

ஆனா டீச்சர், இதோட நிறுத்திடாதீங்க, நான் இத எழுத உக்காந்ததே இதச் சொல்றதுக்குத்தான். 1953-ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப தொடக்கப் பள்ளி நேரத்தக் குறைச்சு, மீதி நேரத்துல புள்ளைங்க அப்பன் தொழிலக் கத்துக்கட்டும்னு ஒரு திட்டம் வந்துச்சு. குலக்கல்வின்னு பெரியாரும் மத்தவங்களும் கடுமையா எதிர்த்தாங்க, அடுத்த வருஷமே காமராஜர் முதலமைச்சரா வந்து அத ரத்து பண்ணிட்டாரு. அந்த எதிர்ப்புல இருந்த நியாயம் இன்னைக்கும் அப்படியே இருக்கு. பனியன் கம்பெனி வீட்டுப் பையனுக்குப் பனியன் கணக்கு மட்டுமே காட்டிட்டே இருந்தா, நீ இங்கதான்டா வரணும்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடும், நம்ம மனசுல அது துளி கூட இல்லாட்டியும். அவனுக்குத் தெரிஞ்ச வேலைல ஆரம்பிங்க, அதே கணக்க அவன் பார்க்காத வேலைக்கும் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க.

அந்த 125 பீஸ் விஷயத்தயே எடுங்க. மாத்திரை கம்பெனில ஒரு பேட்ச்ல கொஞ்சம் எடுத்துத்தான் டெஸ்ட் பண்றாங்க, தேர்தல் கருத்துக்கணிப்பும் கொஞ்சம் பேர்கிட்ட கேட்டுத்தான் சொல்றாங்க, எல்லாத்துக்கும் கீழ ஒரே யோசனைதான். விகிதம் நடத்தறப்ப நர்ஸ் வேலையக் காட்டுங்க. 500 மில்லி டிரிப் 4 மணி நேரத்துல ஏறணும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழற செட், நிமிஷத்துக்கு எத்தன சொட்டு வைக்கணும்? 42 வரும். ஒரு பூஜ்யம் தப்பினா என்ன ஆகும்னு நீங்க சொல்லவே வேண்டாம், கிளாஸே அமைதியாயிடும். செக்கிங் டேபிள்ல நிக்கற அம்மாவோட பொண்ணு இந்தக் கணக்கப் போட்டுட்டு நானும் நர்சிங் படிக்கலாமான்னு கேட்டா, அன்னைக்கு உங்க பாடம் நடந்துடுச்சு.

எல்லா பாடத்துக்கும் ஒரு வேலையக் காட்டியே ஆகணும்னு மெனக்கெடாதீங்க. ரூட் 2 விகிதமுறா எண்ணுன்னு நிரூபிக்கறதுக்கு கம்பெனில வேலை இல்ல, இல்லன்னே சொல்லிடுங்க. அது யோசிக்கறதுக்குக் கெடைச்ச ஒரு அழகான விஷயம், அதையும் அனுபவிக்கற உரிமை இந்தப் பசங்களுக்கு உண்டு. இழுத்து ஒட்ட வச்ச உதாரணத்த அவங்க ஒரே நிமிஷத்துல மோப்பம் புடிச்சுடுவாங்க, அப்புறம் நல்ல உதாரணத்தயும் நம்ப மாட்டாங்க.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். அவன் சம்பாதிக்கறது உண்மை, அத தயவுசெஞ்சு மட்டமாப் பேசிடாதீங்க, அந்தக் காசுல குடும்பமே நடக்கலாம். அதையும் கணக்காவே போடுங்க. பேரு வேண்டாம், பீஸ் ரேட்டுல, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு, ஒருத்தர் 52 வாரத்துல வாங்கற சம்பளம்னு ஒரு கற்பனை அட்டவணை போட்டு, ஆர்டர் இருக்கற வாரம், இல்லாத வாரம்னு வரைபடம் வரையச் சொல்லுங்க. 2020 ஊரடங்கு, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப ஆர்டர் நின்னது, ரெண்டையும் வீட்டுல எல்லாரும் பேசிக் கேட்டிருப்பாங்க. நல்ல வாரத்துச் சம்பளத்துக்கும் வருஷ சராசரிக்கும் எவ்வளவு தூரம்னு அவங்க கையாலயே கண்டுபிடிக்கட்டும். கூடவே பத்தாவது பாஸ் பண்ணா ஐ.டி.ஐ. இருக்கு, மூணு வருஷ பாலிடெக்னிக் டிப்ளமா இருக்கு, பன்னெண்டாவதோ ஐ.டி.ஐ.யோ முடிச்சா டிப்ளமாவுல நேரா ரெண்டாம் வருஷம் சேர வழி இருக்குன்னு அதே மூச்சுல சொல்லிடுங்க. அரசோட நான் முதல்வன் திட்டத்துல ஒன்பதாவதுலருந்தே உயர்கல்வி வழிகாட்டல் இருக்கு, அத உங்க ஸ்கூல்ல யார் பாக்கறாங்கன்னு கேட்டு அவங்களயும் சேர்த்துக்கோங்க.

வெளி ஆள் யாரையாவது கூப்பிடறதா இருந்தா முதலாளி, மேனேஜர்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கற பெற்றோர்ல ஒரு கட்டிங் மாஸ்டரோ ஒரு செக்கிங் அக்காவோ வந்து அரை மணி நேரம் பேசட்டும். தன் அம்மா கரும்பலகை முன்னாடி நின்னு பேசறத ஒரு புள்ள பாக்கறது சாதாரண விஷயம் இல்ல. பசங்கள கம்பெனிக்கு "பயிற்சி"ன்னு மட்டும் அனுப்பிடாதீங்க, 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கறது சட்டப்படி குத்தம், உங்க எட்டாவது பசங்கள்ல பலபேர் அந்த வயசுதான்.

போர்ஷனப் பத்திக் கவலையே வேண்டாம். பாடம் ஆரம்பிக்கறப்ப பத்து நிமிஷம் இந்த மாதிரி ஒரு கணக்கு, பாடம் முடியறப்ப பசங்களே வீட்டுலருந்து கொண்டு வர்ற ஒரு கணக்கு, நடுவுல எப்பவும் போல புக். முதல் மாசம் சதவீதத்துக்கு மட்டும் செஞ்சு பாருங்க. ஹெச்.எம். கேட்டா பசங்க நோட்ட எடுத்துக் காட்டுங்க, பயிற்சில இருக்கற அதே மாதிரிக் கணக்கு அதுல முடிஞ்சிருக்கும்.