கடை விளையாட்டில் தமிழ்

கேள்வி: நான்கு வயது மகள், தமிழில் கேட்டாலும் இந்தியில்தான் பதில் சொல்கிறாள். கடைக்காரர் வேடம் போட்டு விளையாடினால் பேச்சு வருமா?
– ஒரு தாய், செம்பூர், மும்பை

பதில்: வரும். ஆனால் தினம் ஒரு வேடம் மாற்றாதீர்கள். ஒரு வாரம் முழுக்கக் கடை மட்டும். முதலில் மாட்டுங்கா மார்க்கெட்டில் நீங்கள் தமிழில் பூ, கீரை வாங்குவதை அவள் பார்க்கட்டும். வீட்டில் நாலைந்து காய், ஒரு பை, காகித நோட்டு போதும். பொருள் குவிந்தால் அடுக்குவதிலேயே நேரம் போய்விடும்.

முதல் இரண்டு நாள் நீங்கள் கடைக்காரர். "வாங்கம்மா, கீரை எத்தனை கட்டு? பூ எத்தனை முழம்? பழம் ஒரு சீப்பு போதுமா?" இந்த அளவுச் சொற்கள் பேரம் பேசும்போதுதான் நாவில் ஏறும். மூன்றாம் நாள் இடம் மாறுங்கள். அவள் "தோ கிலோ" என்றால் கண்டிக்காமல், "ரெண்டு கிலோவா? சரி, குடுங்க" என்று தொடருங்கள். நடுவே "இது என்ன நிறம்?" என்று பரீட்சை வைத்தால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடும்.

பிறகு ஒரு சிக்கலை நுழைத்துவிடுங்கள்: மீதிச் சில்லறை கூடுதலாக வந்துவிட்டது, வரிசையில் தள்ளாத பாட்டி நிற்கிறார். என்ன செய்வதென்று அவளே முடிவெடுக்கட்டும், போதனை வேண்டாம். வேடம் போட்ட குழந்தை அந்த வேடத்தின் விதிக்குத் தானாகவே கட்டுப்படும் என்று சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-லேயே விளக்கினார். பாட்டிக்கு 'நீங்க', பொம்மைக்கு 'நீ' என்பதும் இப்படித்தான் படியும்.

பதினைந்து நிமிடம் போதும். அவள் எழுந்துவிட்டால் இழுத்து உட்கார வைக்காதீர்கள்.