66 மதிப்பெண்ணும் கால்பந்தும்: மகன் ஆட்டத்துக்குத் திரும்ப முடியுமா?

டெக்ஸாஸ் பொதுப்பள்ளியில் பத்தாவது படிக்கும் உங்கள் மகனுக்கு அல்ஜீப்ரா 2-இல் 66. மற்ற பாடங்களில் 85-க்கு மேல் இருந்தும் ஏன் ஆட விடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இங்கே சராசரி பார்ப்பதில்லைங்க. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலே குறைந்தது மூன்று பள்ளி வாரம் போட்டி கிடையாது. மதிப்பெண் கணக்கிடும் பருவம் (grading period) முடிந்து ஏழு நாள் கழித்துத் தடை தொடங்கும்.

பயிற்சிக்குத் தடை இல்லை. தயவுசெய்து அவனை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் வார முடிவில் எல்லாப் பாடத்திலும் 70 இருந்தால், அதற்கும் ஏழு நாள் கழித்து ஆடலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: கணக்கைத் தூக்கி நிறுத்துவதற்குள் வேதியியல் 68-க்கு இறங்கிவிடும்.

இன்றே மதிப்பெண் பக்கத்தைத் திறந்து, ஒப்படைக்காத வேலைக்குப் பூஜ்யம் விழுந்திருக்கிறதா பாருங்கள். மறுதேர்வு உண்டா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவன் எடுத்திருப்பது ஆனர்ஸ் வகுப்பா (வழக்கத்தைவிடக் கடினமான மேல்நிலை வகுப்பு)? அப்படியானால் இந்த விதியிலிருந்து பள்ளி மாவட்டம் விலக்கு அளித்த பாடங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பள்ளியின் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) கேளுங்கள். இருந்தால் இந்தத் தடையே பொருந்தாது.